நூல் பின்னி வாங்கிய விடுதலை

ஒரு மனிதரை ஆடு மாடு போல விலை பேசி விற்க முடியுமா? "அதெப்படி முடியும்?" என்றுதான் கேட்பீர்கள். ஆனால், நம் சுந்தரபாண்டியத்தில் காலையில் பஸ் ஏறினால் மாலைக்குள் போய்ச் சேரக்கூடிய ஊர்களிலேயே அது நடந்திருக்கிறது.

இன்றைய கன்னியாகுமரி மாவட்டம் 1956 வரை தமிழ்நாட்டோடு இல்லை. முன்பு அது திருவிதாங்கூர் மன்னர்களின் ஆட்சியில் இருந்தது. அங்கே வயலை விற்றால், அந்த வயலில் பாடுபட்ட குடும்பத்தையும் சேர்த்தே விற்பார்கள். 1836-ல் எடுத்த கணக்குப்படி அந்த நாட்டில் அடிமைகள் மட்டும் 1,64,864 பேர்! அவர்கள் எல்லாருமே ஒடுக்கப்பட்ட மக்கள்.

நாகர்கோவிலுக்குப் பக்கத்தில் மயிலாடி என்று ஒரு சிற்றூர். கல்லில் சிலை வடிப்பதற்குப் பேர்போன ஊர். அங்கே ஒடுக்கப்பட்ட குடும்பத்தில் பிறந்தவர் மகாராசன். கிறிஸ்தவரான பின் வேதமாணிக்கம் என்று பெயர் பெற்றார். 'எங்கள் ஊருக்கு வாருங்கள்' என்று அவர் அழைத்ததால் வந்தவர்தான் ரிங்கல்தௌபே என்ற ஜெர்மானியப் போதகர். 1806-ல் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வந்தார். 1809-ல் இருவரும் சேர்ந்து மயிலாடியில் ஒரு சிறு ஆலயம் எழுப்பினார்கள். ரிங்கல்தௌபே எளிய மனிதர். நாட்டுத் துணியில் தைத்த சட்டையும் வைக்கோல் தொப்பியும்தான் அவர் உடுப்பு. 1816-ல் உடல் நலிந்து கப்பல் ஏறினார். பிறகு என்ன ஆனார் என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது.

மன்னர் நாட்டில் அவர் தங்கிப் பணி செய்ய அனுமதி வாங்க உதவியவர், அங்கே ஆங்கிலேயரின் பிரதிநிதியாக இருந்த கர்னல் மெக்காலே. இவருடைய சகோதரர் சக்காரி மெக்காலே, இங்கிலாந்தில் அடிமை வியாபாரத்தை ஒழிக்கப் போராடியவர்களில் ஒருவர். அவர்கள் முயற்சியால் 1807-ல் அங்கே அடிமை வியாபாரத்தைத் தடுக்கும் சட்டம் வந்தது. நம் நாட்டில் ஆங்கிலக் கல்வியைப் புகுத்தியவர் என்று வரலாற்றுப் பாடத்தில் ஒரு மெக்காலே பிரபு வருவாரே, அவர் இந்தச் சக்காரியின் மகன்தான்!

ரிங்கல்தௌபேக்குப் பின் வந்தவர்கள் நாகர்கோவிலில் பெரிய ஆலயம் கட்டினார்கள். கூடவே பெண் குழந்தைகளுக்கு விடுதிப் பள்ளியும் திறந்தார்கள். அங்கே சேர்ந்த சிறுமிகளில் சிலர் அடிமைகள். எஜமானர் எப்போது வேண்டுமானாலும் வந்து கூட்டிக்கொண்டு போய்விடலாம். அப்புறம் படிப்பு ஏது?

போதகரின் மனைவி மார்த்தா மால்ட் அம்மையார் இந்தச் சிறுமிகளுக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார். மெத்தென்ற ஒரு திண்டு. அதன்மேல் புள்ளி குத்திய காகிதம். புள்ளிக்குப் புள்ளி குண்டூசி. நூல் சுற்றிய சிறு கட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக மாற்றி மாற்றிப் போட்டால், கொஞ்சம் கொஞ்சமாகப் பூ வேலைப்பாடு விரியும். தறிச் சத்தம் கேட்டு வளர்ந்த நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு இதில் எவ்வளவு பொறுமை வேண்டும் என்று சொல்லித் தர வேண்டியதில்லை. ஓர் இழை தப்பினாலும் பிரித்துவிட்டு மறுபடி பின்ன வேண்டும்.

அந்த லேஸ் நல்ல விலைக்குப் போயிற்று. வந்த கூலியைச் சேர்த்து எஜமானரிடம் கொடுத்து, சிறுமிகள் விடுதலை பெற்றார்கள். உங்கள் வயதுப் பிள்ளை, தன்னைத் தானே விலை கொடுத்து வாங்கிக்கொண்டாள்! எனக்கு மன்னர்களின் போர்க் கதைகளைவிட இது பெரிய வீரமாகத் தோன்றுகிறது.

ஒவ்வொருவராக வாங்கி எத்தனை பேரை மீட்க முடியும்? சட்டம் மாறினால்தானே எல்லாருக்கும் விடிவு? 1812-ல் ராணி கௌரி லட்சுமிபாய் அடிமைகளை விற்பதற்குத் தடை போட்டார். ஆனால் நிலத்தோடு சேர்ந்த அடிமைகளுக்கு அது பொருந்தவில்லை. பெரும்பாலானவர்கள் அவர்கள்தானே! 1843-ல் ஆங்கிலேயர் தங்கள் ஆட்சிப் பகுதியில் அடிமை முறைக்குச் சட்டப் பாதுகாப்பு இல்லை என்றார்கள். 1847-ல் திருவிதாங்கூரின் மிஷனரிகள் ஒன்றுகூடி மகாராஜாவுக்கு மனுக் கொடுத்தார்கள். 1853-ல் பாதி வழி. 1855-ல்தான் முழு விடுதலைப் பிரகடனம் வந்தது.

கன்னியாகுமரிக்குச் சுற்றுலா போனால், வழியில் மயிலாடியிலும் இறங்கிப் பாருங்கள். ரிங்கல்தௌபே, வேதமாணிக்கம் இருவர் பெயரையும் சேர்த்தே அங்குள்ள ஆலயத்துக்கு வைத்திருக்கிறார்கள்.