யாருடைய பாட்டு, யாருடைய படம்: சார்லஸ் பர்னட்டின் ‘கில்லர் ஆஃப் ஷீப்’

‘அதிகம் அறியப்படாத கறுப்பர் சினிமா’ என்று எழுதத் தொடங்கும்போதே அந்தச் சொற்றொடர் எனக்கு உறுத்துகிறது. யாரால் அறியப்படாத? அந்தப் படங்களில் நடித்த அண்டைவீட்டுக்காரர்களுக்கு அவை தெரியும். எடுத்தவர்களின் சக மாணவர்களுக்குத் தெரியும். ‘அறியப்படாத’ என்று சொன்னதும் அது ஏதோ தானாக நேர்ந்த மறதி மாதிரி ஆகிவிடுகிறது. ஒரு படம் தெரியாமல் போக வேண்டுமானால் அதற்கு வேலை நடக்க வேண்டும். பணம், சட்டம், விநியோகம், ரசனை எல்லாம் கூடிச் செய்கிற வேலை அது. ஒரே ஒரு படத்தை வைத்து அந்த வேலையை விளக்கிப் பார்க்கலாம் என்று நினைக்கிறேன்: சார்லஸ் பர்னட்டின் ‘கில்லர் ஆஃப் ஷீப்’. ‘ஆடு அறுப்பவன்’ என்று தமிழில் சொல்லலாம்.

1

1965 ஆகஸ்ட் 11ஆம் தேதி லாஸ் ஏஞ்சல்ஸின் வாட்ஸ் பகுதியருகே காரில் வந்த ஒரு கறுப்பு இளைஞரைப் போலீஸ் நிறுத்தியது. அங்கே தொடங்கிய கிளர்ச்சி ஆறு நாள் நீடித்தது. 34 பேர் செத்துப்போனார்கள். அதன் பிறகு அமெரிக்கப் பொதுப்புத்தியில் வாட்ஸ் என்றால் ஒரே பிம்பம்தான்: எரிகிற கடை, ஓடுகிற கூட்டம். கறுப்பர் கண்ணுக்குத் தெரிய வேண்டுமென்றால் ஒரு ‘சம்பவம்’ தேவைப்பட்டது. 1970களின் தொடக்கத்தில் வந்த ‘ஷாஃப்ட்’ (1971), ‘சூப்பர் ஃபிளை’ (1972) போன்ற வணிகப் படங்கள் இந்தத் தேவையைத்தான் வேறு விதமாகத் தீர்த்துவைத்தன. துப்பாக்கி, போதை மருந்து, பளபளக்கும் கார். கறுப்பு நாயகன் வந்துவிட்டான் என்பது பெரிய விஷயம்தான், மறுக்கவில்லை. ஆனால் அவனும் சம்பவத்துக்குள்தான் வாழ்ந்தான்.

இதே காலத்தில் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சல்ஸ் வளாகத்துத் திரைப்படத் துறையில் கறுப்பு மாணவர்கள் சிலர் சேர்ந்தார்கள். மிசிசிப்பியில் 1944இல் பிறந்து, சிறுவயதிலேயே வாட்ஸுக்குக் குடிவந்த பர்னட். எத்தியோப்பியாவிலிருந்து வந்த ஹைலே கெரிமா. பிறகு பில்லி உட்பெர்ரி, ஜூலி டாஷ். ‘மூன்றாம் சினிமா’ குறித்துப் பின்னாளில் விரிவாக எழுதிய டெஷோமே கேப்ரியலும் அங்கேதான் இருந்தார். லத்தீன் அமெரிக்க, ஆப்பிரிக்கப் படங்களைப் பார்த்தார்கள், விவாதித்தார்கள். ஒருவர் படத்துக்கு இன்னொருவர் கேமரா பிடித்தார்கள். கெரிமாவின் ‘புஷ் மாமா’வுக்கு ஒளிப்பதிவில் பர்னட்டின் கை உண்டு. உட்பெர்ரியின் ‘பிளெஸ் தேர் லிட்டில் ஹார்ட்ஸ்’ (1984) படத்துக்குத் திரைக்கதையும் ஒளிப்பதிவும் அவரே. இவர்களை ‘எல்.ஏ. ரெபெல்லியன்’ (லாஸ் ஏஞ்சல்ஸ் கலகம்) என்று விமர்சகர் கிளைட் டெய்லர் 1986இல் பெயரிட்டது, படங்கள் வந்து வெகுநாள் கழித்துத்தான்.

‘கில்லர் ஆஃப் ஷீப்’ பர்னட் தன் முதுகலைப் பட்டத்துக்காக எடுத்த படம். 16 எம்.எம்., கறுப்பு வெள்ளை, சுமார் 80 நிமிடம். வார விடுமுறைகளில், சில வருஷங்களாக, வாட்ஸ் தெருக்களில் எடுத்து 1977இல் ஒப்படைத்தார். எழுத்து, இயக்கம், ஒளிப்பதிவு, படத்தொகுப்பு நான்கும் அவரே. செலவு 10,000 டாலருக்கும் கீழே.

2

படத்தின் ‘கதை’யைச் சொல்லச் சொன்னால் திணற வேண்டியிருக்கும். ஸ்டான் (ஹென்றி ஜி. சாண்டர்ஸ்) ஆடறுக்கும் தொழிற்கூடத்தில் வேலை செய்கிறான். தூக்கம் வருவதில்லை. மனைவி, மகன், மகள். அவ்வளவுதான். என்னுடன் பார்த்த நண்பர் பாதியில் மெதுவாகக் கேட்டார்: “கதை எப்போங்க ஆரம்பிக்கும்?” நியாயமான கேள்வி. படத்தின் அரசியலே அந்தக் கேள்விக்குள் இருக்கிறது.

ஒரு காட்சி. இரண்டு பேர் ஸ்டானின் வீட்டு வாசலுக்கு வருகிறார்கள். ஒரு குற்றத்துக்கு அவனைக் கூட்டு சேர்க்கப் பார்க்கிறார்கள். அந்தப் பத்தாண்டின் வேறெந்தப் படமாக இருந்தாலும் கதை இங்கேதான் சூடுபிடித்திருக்கும். இங்கே ஸ்டானின் மனைவி (கேசி மூர்) வெளியே வந்து அவர்களைக் கிழித்துவிடுகிறாள். அவர்கள் போய்விடுகிறார்கள். படம் வேறு வேலையைப் பார்க்கப் போகிறது. சினிமா கறுப்பர்களிடம் எதிர்பார்த்த சம்பவம் வாசல்படி வரை வந்து, விரட்டப்பட்டுத் திரும்பிப் போகிறது.

இன்னொன்று. ஸ்டானும் நண்பனும் சேர்த்துவைத்த காசில் ஒரு பழைய கார் எஞ்சின் வாங்குகிறார்கள். மூச்சு வாங்க அதை மாடிப்படியில் இறக்கி, சின்ன லாரியின் பின்பக்க விளிம்பில் வைக்கிறார்கள். இன்னும் கொஞ்சம் உள்ளே தள்ளலாமே என்றால், போதும், நிற்கும் என்கிறான் நண்பன். வண்டி கிளம்புகிறது, எஞ்சின் தெருவில் விழுந்து உடைகிறது. பார்க்கிறார்கள். போய்விடுகிறார்கள். கேமரா வண்டியிலிருந்தபடியே, தெருவில் கிடக்கும் அந்த இரும்பு சிறுத்துப்போவதைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. வறுமையைப் பற்றி எழுதப்பட்ட எத்தனையோ பக்கங்களைவிட இது எனக்குக் கூடுதலாகப் புரியவைத்தது. உழைப்பு, சேமிப்பு, ஆசை மூன்றும் ஒரு சாண் அளவு அசட்டையில் போய்விடுகின்றன. அந்த அசட்டையும் களைப்பிலிருந்து வந்ததுதான். உட்கார்ந்து அழுவதற்கு அவர்களுக்கு நேரமில்லை.

ஸ்டானை ஏழை என்றால் கோபம் வருகிறது. ‘நான் தர்மத்துக்குத் துணிமணி கொடுக்கிறவன், ஏழை எப்படிக் கொடுப்பான்’ என்கிற தோரணையில் வாதிடுகிறான். சூடான தேநீர்க் கோப்பையைக் கன்னத்தில் வைத்துக்கொண்டு, பெண்ணின் நெருக்கம் போலிருக்கிறது என்கிறான். நண்பன் கேலி செய்கிறான். ஆனால் அதே ஸ்டானால் மனைவியின் அணைப்பை ஏற்க முடிவதில்லை. இருவரும் ஜன்னலருகே மெல்ல ஆடுகிறார்கள். பாட்டு முடிந்ததும் விலகிப் போய்விடுகிறான். நாள் முழுக்க அறுக்கிற உடம்பில் மிச்சம் ஏதுமில்லை. சுரண்டல் என்று நாம் பொருளாதாரச் சொல்லாகப் புழங்குவதைப் பர்னட் தோலின் மேல் வைத்துக் காட்டுகிறார்.

கேசி மூரைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். உட்பெர்ரியின் படத்தில் வெட்டப்படாமல் நீளும் அந்தச் சமையலறைச் சண்டையில் அவர்தான். ஜூலி டாஷின் ‘டாட்டர்ஸ் ஆஃப் தி டஸ்ட்’டிலும் (1991) அவர் உண்டு. இந்த இயக்கத்தின் மூன்று முக்கியமான படங்களில் இருக்கிற முகம் அது. 2021இல் இறந்துபோனார். 

3

அந்த நடனத்தின்போது ஒலிப்பது டைனா வாஷிங்டன் பாடிய ‘திஸ் பிட்டர் எர்த்’. படத்தில் வசனத்தைவிடப் பாட்டுதான் அதிகம் பேசுகிறது. ப்ளூஸ், ஜாஸ், கறுப்புப் பாடகர்களின் குரல்கள் என்று ஒரு நூற்றாண்டின் கறுப்பு இசை இதற்குள் ஓடுகிறது. பின்னணி அலங்காரமாக அல்ல. அந்தத் தெருவின் நினைவாக.

இடிபாடுகளுக்கு நடுவே பிள்ளைகள் கல்லெறிந்து விளையாடுகிறார்கள். மேலே பால் ராப்சனின் கனத்த குரல்: ‘தி ஹவுஸ் ஐ லிவ் இன்’. அமெரிக்கா என்றால் எனக்கு என்ன என்று கேட்டுப் பதில் சொல்லும் பாட்டு. இதை எழுதிய ஏபெல் மீரோபோல்தான், தூக்கிலிடப்பட்ட கறுப்பர்களைப் பற்றிய ‘ஸ்ட்ரேஞ்ச் ஃப்ரூட்’டையும் எழுதியவர். 1945இல் ஃபிராங்க் சினாட்ரா நடித்த குறும்படத்தில் இதே பாட்டு வந்தபோது, வெள்ளையரும் கறுப்பரும் அண்டைவீட்டாராக வாழ்வதைச் சொல்லும் பகுதியை விட்டுவிட்டார்கள். மத சகிப்புத்தன்மையைப் போதிக்க வந்த படம் அது!

ராப்சனும் லேசுப்பட்ட ஆளில்லை. ஹாலிவுட்டுக்கு வெளியே, கறுப்புப் பார்வையாளர்களுக்காகப் படமெடுத்த ஆஸ்கர் மிஷோவின் ‘பாடி அண்ட் சோல்’ (1925)தான் அவருடைய முதல் படம். அரசியல் பேசியதற்காக 1950இல் அவருடைய கடவுச்சீட்டைப் பறித்தார்கள். திரும்பக் கிடைத்தது 1958இல். நடுவில், 1957இல், லண்டனில் கூடியிருந்த மக்களுக்கு அட்லாண்டிக் கடலடித் தொலைபேசிக் கம்பி வழியாகப் பாடினார். உடம்பை நிறுத்திவைக்கலாம், குரல் போய்ச் சேர்ந்துவிட்டது.

பர்னட்டின் படத்துக்கு நடந்தது இதன் தலைகீழ். குரல்தான் படத்தை நிறுத்திவைத்தது. பட்டத்துக்கான படம் என்பதால் அவர் பாடல் உரிமைகளை வாங்கவில்லை. உரிமையில்லாமல் திரையரங்கில் ஓட்ட முடியாது. படவிழாக்கள், அருங்காட்சியகங்கள், வகுப்பறைகள், அவ்வளவுதான். 1981இல் பெர்லினில் விமர்சகர் பரிசு. 1990இல் அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் பாதுகாக்க வேண்டிய படங்களின் தேசியப் பதிவேட்டில் சேர்த்தது. ‘தேசத்தின் சொத்து’ என்று அறிவித்த படத்தை அந்தத் தேசத்தின் குடிமகன் டிக்கெட் வாங்கிப் பார்க்க அதற்குப் பிறகும் 17 வருஷம் ஆயிற்று. 2007இல் மைல்ஸ்டோன் நிறுவனம் வெளியிட்டபோது பாடல் உரிமைகளுக்கு மட்டும் 1,50,000 டாலர் ஆனது. படமெடுத்த செலவைப்போல் 15 மடங்கு. அப்போதும் ஒரு பாட்டு கிடைக்கவில்லை. இறுதிக் காட்சியில் வந்த டைனா வாஷிங்டனின் ‘அன்ஃபர்கெட்டபிள்’. ‘மறக்க முடியாத’ என்று பொருள். அதற்குப் பதில் ‘திஸ் பிட்டர் எர்த்’தை மறுபடி போட்டார்கள். 2025இல் வந்த புதுப்பிப்பில்தான் அந்தப் பாட்டு தன் இடத்துக்குத் திரும்பியது.

காப்புரிமை கலைஞரைப் பாதுகாக்கத்தானே என்று கேட்கலாம். பாதுகாக்க வேண்டியதுதான். ஆனால் பாடினவருக்கே உரிமை மிஞ்சாத கதைகள் அந்தத் தொழிலில் ஏராளம். ஒரு சமூகம் தன் துக்கத்திலிருந்து உண்டாக்கிய இசை, அதே சமூகத்தின் படத்துக்குள் நுழைய வேறொருவருக்கு வாடகை கட்ட வேண்டியிருக்கிறது. இதை ‘மறதி’ என்று எப்படிச் சொல்வது?

4

அப்படியானால் இந்தப் படங்களை ‘ரசிப்பது’ என்றால் என்ன? பர்னட்டுக்கு 2017இல் கௌரவ ஆஸ்கர் கொடுத்தார்கள். மகிழ்ச்சிதான். ஆனால் காலம் கடந்து கிடைக்கிற மரியாதை, நடுவில் இழந்ததை மூடிவிடுகிறது. அந்தப் படம் 1978இலேயே பரவலாக ஓடியிருந்தால் அவருக்கு எத்தனை படங்கள் எடுக்க வாய்த்திருக்கும்? அதைப் பார்த்து எத்தனை பேர் கேமராவைத் தூக்கியிருப்பார்கள்? வராமல்போன படங்களுக்கு எந்தப் பதிவேட்டிலும் இடமில்லை.

ஆகவே ‘மறைந்துகிடந்த மாணிக்கம்’ வகைப் பாராட்டு எனக்கு ஒப்பவில்லை. மாணிக்கத்தை யார் பூட்டிவைத்தது என்ற கேள்வியைப் பாராட்டு விழுங்கிவிடக் கூடாது. ஒரு படம் நமக்கு ஏன் இத்தனை தாமதமாக வந்தது, அதன் பிரதி யாரிடம் இருக்கிறது, அதிலுள்ள பாட்டுக்கு யார் காசு வாங்குகிறார்கள் என்றெல்லாம் கேட்பதும் ரசனையின் பகுதிதான். கூடவே, சம்பவத்துக்காகக் காத்திருக்கிற நம் கண்ணையும் கொஞ்சம் பழக்க வேண்டியிருக்கிறது. படத்தில் பையன்கள் ஒரு கூரையிலிருந்து அடுத்த கூரைக்குத் தாவுகிறார்கள். கேமரா கீழேயிருந்து பார்க்கிறது. ஒருவரும் விழுவதில்லை. அடுத்தவன் வருகிறான், அவனும் தாவுகிறான்.