உங்களுக்குத் தெரியுமா? ஒரே மதிப்பெண், கூடுதல் உழைப்பு

நினைவுத் தேர்வில் இருவர் சமமாகத் தேறலாம். ஆனால் ஒருவருடைய மூளை அதற்காக அதிகம் பாடுபட்டிருக்கலாம். அதற்கு ஒரு மரபணுவும் காரணமாகலாம் என்று 2000-இல் காட்டியது லாஸ் ஏஞ்சலஸின் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சூசன் புக்கைமர் குழு.

ஆய்வில் பங்கேற்ற 30 பேரும் 47 முதல் 82 வயது வரையிலானவர்கள். யாருக்கும் மறதி நோய் இல்லை. 16 பேரிடம் மட்டும், அல்சைமர் அபாயத்தைக் கூட்டும் ஏ.பி.ஓ.ஈ.-4 என்ற மரபணு வடிவம் இருந்தது. தொடர்பில்லாத சொற்களை இணை இணையாக மனப்பாடம் செய்து அவர்கள் நினைவுகூர்ந்தபோது, மூளை ரத்தத்தில் ஆக்சிஜன் மாறுவதை எம்.ஆர்.ஐ. கருவி பதிவுசெய்தது. அந்த வடிவம் கொண்டவர்களிடம், புது நினைவுகளை உருவாக்கும் ஹிப்போகேம்பஸ் உள்ளிட்ட பகுதிகள் மற்றவர்களைவிடத் தீவிரமாக, விரிவாக இயங்கின. இந்த ஆய்வில் மிக முக்கியமானது அடுத்து வந்ததுதான். இரண்டு ஆண்டுகள் கழித்துச் சிலரை மறுபடி சோதித்தார்கள். முதலில் யாருடைய மூளை அதிகம் உழைத்ததோ, அவர்களுக்கே நினைவு கூடுதலாகச் சரிந்திருந்தது!

பயப்பட வேண்டாம்: இந்த வடிவம் உள்ள பலருக்கு அல்சைமர் வருவதே இல்லை.