ஏவிய நாயை மீட்டழைத்தல்

வயலையும் மரக்கறித் தோட்டத்தையும் காத்தற்பொருட்டு நாய் வளர்க்கும் வழக்கம் இந்நாட்டுக் கமக்காரரிடையே நெடுங்காலமாக இருந்து வருகின்றது. காட்டுப்பன்றியாயினும், குரங்காயினும், கட்டாக்காலி மாடாயினும், “சூ” என்று ஏவியவுடன் நாய் பாய்ந்து செல்லும். இச்சொல்லைக் கற்பிப்பதற்கு எவரும் பெரிதாக முயன்றதில்லை. ஓடும் பிராணியைத் துரத்துதல் நாயின் பிறவிக்குணம். ஆனால், பாய்ந்து சென்ற நாயைத் திருப்பி அழைக்கும் சொல்லோ பிறவியில் வருவதன்று. அதனைக் கற்பித்தே ஆகவேண்டும். பெரும்பாலான தோட்டங்களில் முதற் சொல் மட்டுமே உண்டு. இரண்டாவது சொல் இல்லை.

இக்குறையால் விளையும் நட்டம் சிறிதன்று. பன்றியைத் துரத்திச் சென்ற நாய் வரம்பைக் கடந்து அயலவரின் வெங்காயப் பாத்திகளை மிதித்துப் பாழாக்கும். பட்டியில் நிற்கும் ஆட்டைக் கடித்துவிட்டால் ஆட்டின் விலையோடு அயலுறவும் போகும். பன்றிக்கென மறைவாகக் கட்டப்படும் சுருக்குக் கம்பியிலும், தீனியுள் வைத்து மறைக்கப்படும் ஹக்கா பட்டாஸ் என்னும் வெடியிலும் அகப்பட்டு மாளும் நாய்கள் பல. இவையிரண்டும் சட்டவிரோதமானவை, எனினும் காட்டோரங்களில் இன்னும் காணப்படுகின்றன. நாய் மானையோ மரையையோ துரத்திக் கொன்றால், 1937 ஆம் ஆண்டின் விலங்கின, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச்சட்டத்தின்படி உரிமையாளரே பதிலிறுக்க வேண்டிவரலாம். எல்லாவற்றினும் கொடியது, கட்டற்றுத் திரியும் நாய் விசர்கொண்ட நரியாலோ வேறொரு நாயாலோ கடியுண்டு வீடு திரும்புதலாகும். அக்கடியை மயிர் மறைத்துவிடும். முற்றத்தில் விளையாடும் பிள்ளைகள் அதனை அறியார்.

அழைத்தும் வாராத நாயைப் பிடிவாதமுள்ளதென்று கூறுதல் வழக்கம். உண்மை அதுவன்று. துரத்துதல் நாய்க்கு ஒரு வேலையன்று. அதுவே பெரும் இன்பம். ஓடும் முயலைக் கண்ட கணத்தில் நாயின் கவனம் முழுவதும் கண்ணிற் குவிந்துவிடுகின்றது. பின்னே கூவுபவரின் குரலுக்கு அங்கே இடமில்லை. தென்னிந்தியாவின் சிப்பிப்பாறை, கன்னி ஆகிய சாதிகளும், இங்கிலாந்தின் விப்பெற் என்னும் மெலிந்த நாயும் மோப்பத்தை நம்பாது கண்ணால் வேட்டையாடுபவை. ஆதலால் இக்குணம் அவற்றில் மிகுந்து காணப்படும். மணிக்கு ஏறக்குறைய 55 கிலோமீற்றர் வேகத்தில் ஓடும் விப்பெற் நாயை ஓடிப் பிடிக்க வல்லவர் எவருமிலர். நாட்டு நாய் அத்துணை விரைவாக ஓடாவிடினும், கமக்காரரின் கால்களுக்கு அதுவும் எட்டாததே.

விப்பெற் நாயை வளர்த்தவர்களிடமிருந்து கமக்காரர் அறிந்துகொள்ளக்கூடிய செய்தி ஒன்றுண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் வட இங்கிலாந்தின் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர் ஓய்வுநாட்களில் இந்நாய்களை ஓட்டப் பந்தயத்தில் விட்டனர். ஓடுபாதையின் ஒரு முனையில் ஒருவர் நாயைப் பிடித்து நிற்பார். ஏறக்குறைய 200 யார் தொலைவிலுள்ள மறுமுனையில் உரிமையாளர் நின்று, ஒரு கந்தைத் துணியை வீசி ஆட்டிக் கூவுவார். நாய் அத்துணியைக் கவ்வுவதற்காகவே ஓடிவரும். கண்ணாற் கண்டதன்பின் ஓடும் அதே குணம், இங்கே உரிமையாளரை விட்டு ஓடுதற்கன்றி அவரிடம் ஓடிவருதற்குப் பயன்பட்டது. அழைப்பவரிடம் விரும்பத்தக்கது ஒன்று இருக்கின்றதென்பதை அந்நாய் ஐயமின்றி அறிந்திருந்தது. மீட்டழைக்கும் பயிற்சி முழுவதும் இதில் அடங்கும்.

முதலில் அழைப்பைத் தெரிந்துகொள்ளல் வேண்டும். நாயின் பெயர் இதற்கு உதவாது. அது நாளொன்றுக்கு நூறுமுறை வீணே கூறப்படுவது. வேறெதற்கும் பயன்படுத்தாத குறுஞ்சொல் ஒன்றை, அல்லது ஊதும் விசிலொன்றைக் கொள்ளுதல் நன்று. விசிலே மேலானது. அதன் ஓசை காற்றில் தூரம் செல்லும். தந்தை ஊதினாலும் மகள் ஊதினாலும் ஒன்றாகவே ஒலிக்கும். ஊதுபவரின் கோபத்தையும் அது வெளிக்காட்டாது.

வெகுமதியாக நாய் அன்றாடம் உண்ணும் சோற்றைக் கொடுத்துப் பயனில்லை. அவித்த ஈரல், முட்டை, அல்லது நன்கு ஊறவைத்து உப்பகற்றிய கருவாடு ஆகியவற்றைக் கடலையளவு துண்டுகளாக்கி மடியில் வைத்துக்கொள்ளலாம். இத்தீனி இப்பயிற்சிக்கே உரியதாகட்டும், வேறெவ்வேளையிலும் கொடுத்தலாகாது.

குட்டிக்கு எட்டு வாரமானதும் தொடங்கலாம். வளர்ந்த நாயும் கற்கும், நாட்கள் சற்றுக் கூடும். முதல் வாரத்தில் வீட்டு முற்றத்தை விட்டுச் செல்ல வேண்டியதில்லை. நாய் இரண்டடி தூரத்தில் நிற்கும்போது விசிலை ஊதி உடனே தீனியைக் கொடுத்தல் வேண்டும். ஒருவேளைக்குப் பத்து முறை போதும். பின்னர் தூரத்தைச் சிறிது சிறிதாகக் கூட்டுக. அழைப்பவர் நாயை நோக்கி நடவாது, குந்தியிருந்தோ பின்னோக்கி ஓடியோ அழைப்பாராயின் நாய் விரைந்து வரும். துரத்திச் சென்றால் அதனை விளையாட்டென்று கருதி மேலும் ஓடும். பிள்ளைகளுக்கு இதனை முன்னரே சொல்லிவைத்தல் வேண்டும். தீனியைக் கொடுக்குமுன் கழுத்துப்பட்டியைக் கையாற் பிடித்தல் மறக்கத்தகாதது. இதனைப் பழகாத நாய் கைக்கெட்டாத் தூரத்தில் வந்து நின்று கூத்தாடும்.

தீனியை உண்டதும் நாயை மீண்டும் அவிழ்த்துவிடல் வேண்டும். பலர் தவறுவது இவ்விடத்திலேயே. உண்ணி பிடுங்கவும், குளிப்பாட்டவும், சங்கிலியிற் கட்டவும் மட்டுமே அழைக்கப்படும் நாய், அழைப்பு இன்பத்தின் முடிவென்று விரைவில் உணர்ந்துகொள்ளும். பத்துமுறை அழைத்தால் ஒன்பது முறை தீனி கொடுத்துத் திரும்ப ஓடவிடுக. கட்டவேண்டிய வேளையில் தானே சென்று பிடித்துக் கட்டுதல் நன்று.

முற்றத்திற் பழகிய நாயை அரிவு வெட்டிய வயலுக்குக் கொண்டுசெல்லலாம். அங்கே 10 மீற்றர் நீளமுள்ள கயிறு இன்றியமையாதது. தும்புக்கயிறு நனைந்தாற் பாரமாகும், கையையும் உரிக்கும். முடிச்சில்லாத மெல்லிய நைலோன் கயிறு ஏற்றது. அதனைக் கழுத்திற் கட்டாது மார்புப்பட்டியிற் கட்டுக. விரைந்தோடும் நாய் கயிற்று நுனியில் நின்றால் கழுத்து நோகும். விரலிலோ மணிக்கட்டிலோ கயிற்றைச் சுற்றிக்கொள்ளல் ஆபத்தானது. கயிறு நாயை இழுத்து வருவதற்கன்று. அழைப்புக்கு வாராதபோது அது தன் மனம்போல் ஓடிப் பயன் பெறாது தடுப்பதற்கே கயிறு. ஒருமுறை ஊதியும் வாராவிடின் மறுமுறை ஊதாது, கயிற்றைப் பிடித்து நிறுத்தி, பின்னோக்கி நடந்து, நாய் திரும்பியதும் வெகுமதி கொடுத்தல் வேண்டும். இருபதுமுறை கூவப்பட்ட சொல், நாய்க்குக் காகத்தின் கரைவைப்போலப் பொருளற்றதாகிவிடும்.

அடுத்து ஆடுகள் மேயும் நிலத்தினருகே, முதலில் 100 மீற்றர் அப்பால் நின்று, பழக்குக. அங்கே தவறாது வந்த பின்னரே கிட்டச் செல்லலாம். பல நாட்கள் தொடர்ந்து தவறு நேராதிருந்தாலன்றிக் கயிற்றை அகற்றலாகாது. இதற்கு மூன்று மாதம் செல்லினும் வியப்பில்லை. தூரத்தில் நிற்கும் நாய்க்குத் துணியை வீசிக் காட்டுதல் மிகவும் உதவும். நாயின் கண் சிவப்பையும் பச்சையையும் நன்கு வேறுபடுத்தாது. ஆதலால் நெற்பயிரின் நடுவே சிவப்புத் துணி அதற்குத் தெளிவாய்த் தோன்றாது. வெள்ளை வேட்டித் துண்டொன்றை அசைத்தலே நன்று. நிறத்தினும் அசைவையே நாய் விரைவிற் காணும்.

இனி, அடித்தலைப்பற்றி. நாய் ஆட்டைத் துரத்துகின்றது. உரிமையாளர் கால்மணி நேரம் கூவுகின்றார். ஈற்றில் நாய் களைத்து அவர் காலடிக்கு வருகின்றது. அவரோ பூவரசங் கம்பால் நாலடி கொடுக்கின்றார். ஆட்டைத் துரத்தியதற்காக அடித்ததாக அவர் எண்ணுகின்றார். நாயோ, வந்தமையால் அடிபட்டதாகவே கொள்ளும். அடுத்த முறை அது பத்தடிக்கு அப்பால் நின்று பார்க்கும். எத்துணை தாமதமாக வந்தாலும், எத்துணை சேதம் செய்து வந்தாலும், வந்த நாய்க்கு வெகுமதியே கொடுத்தல் வேண்டும். கோபத்தை அடக்குதல் எளிதன்று. ஆயினும் நாயின் பயிற்சியிற் பாதி உரிமையாளரின் பயிற்சியே.

இவ்வாறு கெடுக்கப்பட்ட நாயிடம் பழைய சொல்லைத் திருத்த முயல்வது வீண். அதனைக் கைவிட்டு, புதிய விசிலொன்றைக் கொண்டு முற்றத்திலிருந்து மீண்டும் தொடங்குதலே சுருக்கவழி.

எந்நாயும் எவ்வேளையும் தவறாது வருமென்று எண்ணலாகாது. பருவங்கொண்ட பெட்டை அயலில் இருக்குமாயின் கடுவன் எந்த விசிலையும் பொருட்படுத்தாது. கருத்தடை செய்வித்தால் அலைச்சல் பெரும்பாலும் குறையும். விசர்நோய்த் தடுப்பூசியை ஆண்டுதோறும் ஏற்றுவித்தல் வேண்டும். நாய் எவரையேனும் கடித்தால், காயத்தைச் சவர்க்காரமிட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவி, உடனே அரசாங்க வைத்தியசாலைக்குச் செல்லுதல் கட்டாயம்.

வீதியோரத் தோட்டங்களிலும், சுருக்குக் கம்பி கட்டப்படும் காட்டோரங்களிலும், எவ்வளவு பழகிய நாயாயினும் இரவில் அவிழ்த்துவிடாதிருத்தலே தக்கது. தோட்டத்தின் ஓரமாக இரு கட்டைகளை நாட்டி, இடையே ஆளுயரத்திற்கு மேலாகத் தடித்த கம்பியொன்றை இழுத்துக் கட்டி, அதில் வளையமொன்றைக் கோத்துச் சங்கிலியை இணைத்தால், நாய் அக்கம்பி நெடுக ஓடிக் குரைத்துக் காவல் செய்யும். சங்கிலி கட்டையைச் சுற்றிக்கொள்ளாதிருக்க, இரு முனைகளுக்கும் ஆறடி முன்னரே கம்பியில் ஒரு தடை வைத்தல் வேண்டும். நீரும் மழைக்கு ஒதுங்கக் கூரையும் நாய்க்கு எட்டும் இடத்தில் இருக்கவேண்டும்.