சத்தமில்லாத ஷட்டரும் சாய்ந்த பனையும்

கொழும்புக் கமராக் கடைகளின் ஆண்டிறுதி விலைக்கழிவு டிசம்பர் 31ஆம் திகதியுடன் முடிகிறது. மன்னார்க் களப்புகளில் பூநாரைகள் இறங்கிவிட்டன. மார்ச் தாண்டினால் பெரும்பாலானவை கிளம்பிவிடும். இரண்டு கெடுவும் சேர்ந்து நெருக்குவதால் எருக்கலம்பிட்டி, தாராபுரம், பேசாலை, புத்தளத்து நாகவில்லு என்று பல பக்கமிருந்தும் கடிதங்கள் வந்து குவிந்திருக்கின்றன. எழுதியவர்களில் பலர் 1990 ஒக்டோபரில் மன்னார்த் தீவிலிருந்து வெளியேற்றப்பட்ட குடும்பங்களின் பிள்ளைகள். புத்தளத்தில் பிறந்து வளர்ந்து, விடுமுறைக்கு ஊர் வரும்போது களப்போரம் நின்று படமெடுக்கப் பழகியவர்கள். இவர்கள் வாங்கப் போவது சேமித்த காசில். அதனால் கடைக்காரர் சொல்வதைத் திருப்பிச் சொல்லும் பதில் எதையும் இங்கே எழுதப் போவதில்லை.

கேள்விகளில் பாதிக்கு மேல் ஒரே இடத்தில் வந்து முட்டுகின்றன: "செக்கனுக்கு 30 படம், 1/32000 வேகம், சத்தமே இல்லை என்கிறார்கள். பறவைக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?"

இந்தக் கேள்விக்கான பதில் எருக்கலம்பிட்டி வாசகர் ஒருவர் அனுப்பிய படத்திலேயே இருக்கிறது. பூநாரை ஒன்று இடமிருந்து வலமாகப் பறக்கிறது. கழுத்து நீண்டு, கால் நீண்டு, கண்கூடத் துல்லியமாக வந்திருக்கிறது. பின்னால் நிற்கும் பனைகள் மட்டும் அத்தனையும் ஒரே பக்கம் சாய்ந்து கிடக்கின்றன. தூரத்தில் தெரியும் காற்றாலைக் கோபுரமும் அதே பக்கம், அதே அளவு சாய்வு. வாடைக்காற்றுக்குப் பனையோலை வளையலாம், இரும்புக் கோபுரம் வளையாது. லென்ஸில் பழுதா, வாங்கிய கடைக்குத் திருப்பிக் கொண்டுபோகவா என்று கேட்டிருக்கிறார்.

பழுது எதுவும் இல்லை. கமரா தான் செய்யப்பட்ட விதப்படியே வேலை செய்திருக்கிறது.

விளம்பரத் தாளில் 1/32000 என்று அச்சிட்டிருப்பது பொய்யல்ல. ஆனால் அது முழுப் படத்தின் வேகம் அல்ல, படத்திலுள்ள ஒவ்வொரு வரியின் வேகம். 24 மெகாபிக்சல் சென்சரில் மேலிருந்து கீழாக ஏறத்தாழ 4000 வரிகள் இருக்கும். மின்னணு ஷட்டர் முறையில் திரை எதுவும் அசைவதில்லை. சென்சர் தன் வரிகளை ஒன்றன்பின் ஒன்றாகத் திறந்து, ஒன்றன்பின் ஒன்றாக வாசித்து முடிக்கிறது. ஒவ்வொரு வரிக்கும் 1/32000 செக்கன்தான் வெளிச்சம் கிடைக்கிறது என்பது சரி. முதல் வரியில் தொடங்கிக் கடைசி வரி வரை வாசித்து முடிக்க எவ்வளவு நேரம் எடுக்கிறது என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி. நடுத்தர விலைக் கமராக்கள் பலவற்றில் அது 1/30 செக்கன் அளவில் இருக்கிறது. சிலவற்றில் அதற்கும் கூட.

மணிக்கு 50 கிலோமீற்றர் வேகத்தில் பறக்கும் பூநாரை அந்த 1/30 செக்கனில் 46 சென்ரிமீற்றர் போய்விடும். படத்தின் ஒரு விளிம்பு ஒரு நேரத்தையும் மறு விளிம்பு இன்னொரு நேரத்தையும் காட்டுகிறது. இரண்டையும் கமரா ஒரே படமாகச் சேர்த்துத் தருகிறது.

அப்படியானால் பறவை ஒழுங்காக வர, பனை சாய்ந்தது ஏன்? எடுத்தவர் கெட்டிக்காரர் என்பதால். பறவையின் வேகத்துக்கு இணையாகக் கமராவைத் திருப்பிக்கொண்டே எடுத்திருக்கிறார். சட்டத்துக்குள் பறவை இருந்த இடத்திலேயே இருக்க, பின்னணிதான் ஓடியது. ஒவ்வொரு வரி வாசிக்கப்படும்போதும் பனை கொஞ்சம் நகர்ந்திருந்தது. கணக்குப் போட்டுப் பார்க்கலாம். முழுச்சட்டக் கமராவில் 600 மில்லிமீற்றர் லென்ஸ், பறவை 100 மீற்றர் தூரத்தில், வாசிப்பு நேரம் 1/30 செக்கன் என்றால் பின்னணி ஏறத்தாழ 7 பாகை சாயும். வாசிப்பு நேரம் 1/250 ஆக இருந்தால் சாய்வு ஒரு பாகைக்கும் குறைவு. யார் கண்ணுக்கும் தெரியாது. கமராவை நிலைக்குத்தாகப் பிடித்திருந்தால் சாய்வுக்குப் பதிலாகப் பனைகள் பருத்தோ மெலிந்தோ வந்திருக்கும். கணினியில் பனையை நிமிர்த்தலாமா என்றும் கேட்டிருக்கிறார். நிமிர்த்தலாம். அப்போது நேராக இருந்த பறவை சாய்ந்துவிடும்.

இறகடிப்பில் இது இன்னும் மோசம். வாசிப்பு போகும் திசையிலேயே இறகும் போனால் அது நீளும், எதிர்த்திசையில் போனால் குறுகும். பூநாரையின் பெரிய, நிதானமான இறகடிப்பில் தப்பித்துக்கொள்ளலாம். சேற்றில் ஓடும் சிறிய உள்ளான்கள் கூட்டமாகக் கிளம்பும்போது ஒவ்வொன்றின் இறகும் ஒவ்வொரு கோணலாக வரும். பறவையின் உடலமைப்பைப் பார்த்து இனம் பிரிப்பவருக்கு அப்படியொரு படம் தவறான தகவல். எனக்கு இந்த விஷயத்தில் உள்ள கவலை அதுதான். மங்கலான படத்தை யாரும் நம்பமாட்டார்கள். இது கூர்மையாக இருந்துகொண்டே தவறாக இருக்கிறது.

பொறிமுறை ஷட்டரும் அதிவேகத்தில் ஒரு பிளவாகத்தான் சென்சரின் மேல் நகர்கிறது. ஆனால் அது ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு ஏறத்தாழ 1/250 செக்கனில் போய்விடும். பழைய டிஎஸ்எல்ஆரில் யாரும் சாய்ந்த பனையைப் பற்றி முறையிடாததற்குக் காரணம் அதுவே.

மின்னணு முறையில் இந்தக் குறை தீராதது அல்ல. விலை கொடுத்தால் தீரும். சோனி 2017இல் ஏ9 கமராவில் அடுக்குச் சென்சரைக் கொண்டுவந்து வாசிப்பை 1/160 செக்கன் அளவுக்கு இறக்கியது. நிக்கோன் 2021இல் வெளியிட்ட இசட்9இல் பொறிமுறை ஷட்டரே இல்லை. அவ்வளவு வேகமாக வாசிப்பதால்தான் அதைத் தூக்கியெறிய முடிந்தது. 2022இல் வந்த ஃபியூஜிஃபில்ம் எக்ஸ்-எச்2எஸ், ஓஎம்-1 இரண்டும் அடுக்குச் சென்சர்தான். 2023 நவம்பரில் அறிவிக்கப்பட்ட சோனி ஏ9 III எல்லா வரிகளையும் ஒரே கணத்தில் பதிகிறது. அதில் சாய்வு என்ற பேச்சுக்கே இடமில்லை. மறுபக்கம், நம் வாசகர்கள் அதிகம் விசாரிக்கும் கேனன் ஆர்7 மின்னணு முறையில் செக்கனுக்கு 30 படம் எடுக்கும். சுயாதீனமாகச் சோதித்தவர்கள் அதன் வாசிப்பு நேரத்தை 30 மில்லிசெக்கன் அளவில் கண்டிருக்கிறார்கள். 61 மெகாபிக்சல் சோனி ஏ7ஆர் V இன்னும் மெதுவானது, ஏறத்தாழ 1/10 செக்கன். அது தரைக்காட்சிக்கு அருமையான கமரா. பறவைக்குச் சத்தமில்லா முறையில் அதை எடுத்துப் போகாதீர்கள்.

'செக்கனுக்கு இத்தனை படம்' என்று பெரிய எழுத்தில் போடுகிற நிறுவனங்கள் வாசிப்பு நேரத்தை வழக்கமாகச் சொல்வதே இல்லை. பற்றரி எத்தனை படம் தாங்கும், கைநடுக்கம் எத்தனை படி குறையும் என்பவற்றை ஜப்பானியக் கமரா உற்பத்தியாளர் சங்கம் வகுத்த சோதனைமுறைப்படி அச்சிடுகிறார்கள். வாங்குபவரின் படத்தை வளைக்கும் எண் மட்டும் தாளில் இல்லை. இது தற்செயல் என்று நான் நம்பவில்லை.

எனவே கடையிலேயே நீங்கள் அளக்க வேண்டும். அதற்குத் தேவையானது கூரையில் சுற்றும் மின்விசிறி. ஷட்டரை மின்னணு முறைக்கு மாற்றுங்கள். வேகம் 1/1000, ஐஎஸ்ஓ 6400. விசிறி சட்டம் நிறைய வரும்படி மேலே பார்த்து ஒரு படம். பிறகு பொறிமுறை ஷட்டருக்கு மாற்றி அதே படம். நிமிடத்துக்கு 300 சுற்றுச் சுற்றும் விசிறி 1/30 செக்கனில் 60 பாகை திரும்பிவிடும். மூன்று இலையும் வாழைப்பழம்போல் வளைந்து, ஒன்று தடித்தும் ஒன்று மெலிந்தும் வரும். 1/250இல் 7 பாகைதான். இலைகள் ஏறத்தாழ நேராக இருக்கும். இரண்டு படத்தையும் திரையில் பெரிதாக்கிக் கடைக்காரருக்கே காட்டலாம்.

மன்னாரில் விசிறிக்குப் பதிலாகக் காற்றாலையைப் படமெடுத்துச் சோதித்தோம், இலை வளையவில்லை, கமரா நல்லது என்று இரண்டு பேர் எழுதியிருக்கிறார்கள். அந்தச் சோதனை செல்லாது. 2020 டிசம்பரில் திறக்கப்பட்ட தம்பபவனியின் 30 காற்றாலைகளும் 126 மீற்றர் விட்டம் கொண்டவை. நிமிடத்துக்கு 12 சுற்று என்று வைத்துக்கொண்டால் இலையின் நுனி மணிக்கு 280 கிலோமீற்றருக்கு மேல் பறக்கிறது. ஆனால் 1/30 செக்கனில் அது திரும்புவது வெறும் 2.4 பாகை. நுனி எவ்வளவு தூரம் போகிறது என்பது கமராவுக்குப் பொருட்டல்ல. சட்டத்துக்குள் எவ்வளவு திரும்புகிறது என்பதே பொருட்டு. காற்றாலையின் இலை உங்களைத் தேற்றும், கோபுரத்தின் சாய்வுதான் உண்மையைச் சொல்லும்.

இன்னொரு தடயமும் உண்டு. மின்னணு ஷட்டரைத் தெரிந்தெடுத்ததும் பிளாஷ் தானாக முடங்கிப்போனால் வாசிப்பு மெதுவானது என்று பெரும்பாலும் கொள்ளலாம். முழுச் சென்சரும் ஒரே நேரத்தில் திறந்திருந்தால்தான் பிளாஷின் வெளிச்சம் படம் முழுதும் விழும்.

இதையெல்லாம் படித்துவிட்டு ஆர்7ஐ ஒதுக்கிவிட வேண்டாம். அதன் பொறிமுறை ஷட்டர் செக்கனுக்கு 15 படம் எடுக்கிறது. களப்பில் பூநாரை கிளம்பும் காட்சிக்கு 15 தாராளம். நிற்கும் பறவைக்கும் மேயும் பறவைக்கும் மின்னணு, பறக்கும் பறவைக்குப் பொறிமுறை என்று ஒரு பொத்தானில் மாற்றிக்கொள்ளும்படி அமைத்துவிட்டால் விலைக்கேற்ற வேலை கிடைக்கும். பொத்தானை அழுத்துவதற்கு முன் நடந்ததையும் பிடித்துத் தரும் வசதிக்காக ஒரு கமராவை வாங்குபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: அந்த வசதி மின்னணு முறையில்தான் ஓடும். சாய்வும் கூடவே வரும்.

சத்தமில்லை என்பதற்குக் கொடுக்கும் காசும் எனக்கு வீணாகவே படுகிறது. நூறு மீற்றருக்கு அப்பால் நிற்கும் பூநாரைக்கு ஷட்டரின் 'டிக்' ஒரு பொருட்டே அல்ல. சேற்றுக்குள் இறங்கி நிமிர்ந்து நடந்து போகும் மனிதனைக் கண்டுதான் கூட்டம் எழும்புகிறது. அப்படி எழும்ப வைத்து எடுத்த படங்கள் சிலவும் கடிதங்களோடு வந்தன. அவற்றை அச்சிடமாட்டோம்.

படத்தைப் பகிர்வது பற்றியும் கேட்டிருக்கிறார்கள். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் தரம் குறைகிறது, ஆவணமாக அனுப்பினால் குறைவதில்லை என்று கண்டுபிடித்துப் பலரும் இப்போது ஆவணமாகவே அனுப்புகிறார்கள். படமாக அனுப்பும்போது உள்ளே இருக்கும் இடக்குறிப்பு நீங்கிவிடும். ஆவணமாக அனுப்பினால் அப்படியே போகும். கமராவை ஃபோன் செயலியோடு இணைத்திருந்தால் ஃபோனின் இருப்பிடம் ஒவ்வொரு படத்திலும் எழுதப்பட்டிருக்கும். ஆலாவும் ஆள்காட்டியும் வெறுந்தரையில் முட்டையிடுபவை. குழுவில் ஒருவர் போட்ட கூட்டின் படம் அடுத்த சனிக்கிழமை இருபது பேரை அதே மணல்திட்டுக்குக் கூட்டிவந்துவிடும். வங்காலைச் சரணாலயம் 2008இல் பிரகடனமாகி, 2010இல் ராம்சார் ஈரநிலமானது, 4,839 ஹெக்டேயர். அந்தப் பெயர்ப்பலகை ஒரு முட்டையையும் காலடியிலிருந்து காக்காது. கூட்டின் படத்தைப் பகிராதீர்கள். பகிர்ந்தே ஆகவேண்டுமென்றால் இடக்குறிப்பை நீக்கிவிட்டு, குஞ்சுகள் பறந்த பிறகு பகிருங்கள்.

மீதிக் கேள்விகள்:

நிக்காஹ் வீட்டில் சத்தமில்லா முறையில் எடுத்த படத்தில் கறுப்புப் பட்டைகள் ஏன்? நம் மின்சாரம் 50 ஹேர்ட்ஸ், மலிவான எல்இடி விளக்கு செக்கனுக்கு 100 தடவை மினுங்கும், 1/30 செக்கன் வாசிப்பில் மூன்று பட்டை விழும், பொறிமுறைக்கு மாற்றுங்கள்.

400 லென்ஸ் 640 ஆகுமா? ஆகாது, சிறிய சென்சர் ஓரத்தை வெட்டித் தருகிறது, அவ்வளவே.

எட்டுப் படி கைநடுக்கத் தடுப்பு பறவைக்கு உதவுமா? உங்கள் கையை நிறுத்தும், பறவையை நிறுத்தாது.

உப்புக்காற்றுக்குத் தாங்குமா? தாளில் 'காலநிலை காப்பு' என்று மட்டும் இருந்தால் அது வாக்குறுதியல்ல. ஓஎம்-1 போல் ஐபி53 என்று தரம் குறித்திருந்தால் ஓரளவு நம்பலாம். எதுவானாலும் வீட்டுக்கு வந்ததும் ஈரத்துணியால் துடையுங்கள்.

600 லென்ஸ் வாங்கியும் பூநாரை மங்கல்? சேற்றுத்தரையிலிருந்து எழும் கானல். எந்த லென்ஸும் அதை வெல்லாது, காலை எட்டு மணிக்குள் எடுத்து முடியுங்கள்.

பழைய லென்ஸ்கள் பொருந்துமா? கேனன் ஈஎஃப் லென்ஸ்கள் இணைப்பானில் நன்றாக ஓடும். நிக்கோனின் பழைய ஏஎஃப்-டி லென்ஸ்களுக்கு எஃப்டிஇசட் இணைப்பானில் தானியங்கிக் குவியம் கிடைக்காது.

உத்தரவாதம் யாருடையது? கேட்டு, பற்றுச்சீட்டில் எழுதி வாங்குங்கள். இறக்குமதி முகவருடையதும் கடையினதும் ஒன்றல்ல. சொன்ன விலையில் 18% வற் சேர்ந்திருக்கிறதா என்பதையும் அப்போதே கேளுங்கள்.

பாவித்த டிஎஸ்எல்ஆர் போதுமா? களப்புக்குப் போதும், ஷட்டர் எத்தனை தடவை ஓடியது என்று பார்த்து வாங்கி, மிஞ்சும் காசை லென்ஸுக்குப் போடுங்கள்.