துண்டுச் சீட்டும் 90 நாள்களும்

என்னிடம் முதுநிலைப் பொருளாதாரம் பயின்ற மாணவி ஒருவர் சில மாதங்களுக்கு முன் இரவு ஒன்பது மணிக்குத் தொலைபேசியில் அழைத்தார். பழைய மகாபலிபுரம் சாலையில் உள்ள ஒரு நிறுவனத்தில் தரவுப் பகுப்பாய்வுப் பிரிவில் ஆறு ஆண்டுகளாகப் பணியாற்றுபவர். வேறொரு நிறுவனத்தில் கூடுதல் ஊதியத்தில் வேலை கிடைத்திருந்தது. 45 நாள்களுக்குள் சேர வேண்டும் என்று அங்கே நிபந்தனை. பழைய நிறுவனமோ, பணி ஒப்பந்தத்தில் உள்ளபடி 90 நாள்கள் வேலை செய்துவிட்டுத்தான் போக வேண்டும் என்றது. மீதி நாள்களுக்கு உரிய ஊதியத்தைக் கட்டிவிடுகிறேன் என்று இவர் சொன்னதை மனிதவளப் பிரிவு ஏற்கவில்லை. மீறிப் போனால் பணிவிடுவிப்புக் கடிதம் தரமாட்டோம், பதிவேட்டில் 'அப்ஸ்காண்டிங்' என்று குறிப்போம் என்று மின்னஞ்சல் வந்திருந்தது.

தலைமறைவு என்பது குற்றவாளிகளுக்குக் காவல் துறை பயன்படுத்தும் சொல். வாடகை வீட்டு முகவரி, வங்கிக் கணக்கு, ஆதார் எண் எல்லாம் நிறுவனத்தின் கையில் இருக்கும் ஒரு பெண், மின்னஞ்சலில் முறைப்படி எழுதிக் கொடுத்துவிட்டு வேலையை விட்டுச் செல்வது எப்படித் தலைமறைவாகும் என்று எனக்கு விளங்கவில்லை. ஆனால், அந்தச் சொல் தன் வேலையைச் செய்துவிட்டிருந்தது. "போலீஸில் புகார் கொடுப்பார்களா, சார்?" என்று அவர் கேட்டார்.

கொடுக்க முடியாது. 'நோட்டீஸ் பீரியட்' என்று அலுவலகங்களில் வழங்கும் முன்னறிவிப்புக் காலத்தை முடிக்காமல் விலகுவது, ஒப்பந்த மீறல், குற்றமன்று. படித்தவர்களிடையேகூட இந்த வேறுபாடு தெளிவாக இல்லை என்பதால் இதைச் சற்று விரிவாக எழுத வேண்டியிருக்கிறது.

முதலில், இந்த 90 நாள்கள் எங்கிருந்து வந்தன? 1946-ஆம் ஆண்டின் தொழிலக நிலையாணைகள் சட்டத்தின்கீழ் வகுக்கப்பட்ட மாதிரி நிலையாணைகள், மாத ஊதியம் பெறும் நிரந்தரத் தொழிலாளிக்கு ஒரு மாத அறிவிப்பும், மற்றவர்களுக்கு இரண்டு வார அறிவிப்பும் போதும் என்றன. அதற்கு மாற்றாக அந்தக் காலத்துக்கான ஊதியத்தைக் கொடுத்துவிடலாம் என்றும், இது இரு தரப்புக்கும் பொது என்றும் அவற்றில் இருந்தது. 1947-ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம், ஆறு மாதம் தொடர்ந்து பணியாற்றிய ஒருவரைத் தக்க காரணமும் ஒரு மாத அறிவிப்பும் (அல்லது அதற்கீடான ஊதியமும்) இல்லாமல் நீக்கக் கூடாது என்கிறது. ஒரு மென்பொருள் ஊழியர் மூன்று மாதம் இருந்தே ஆக வேண்டும் என்று எந்தச் சட்டமும் விதிக்கவில்லை. அது நிறுவனம் எழுதி, 22 வயதில் முதல் வேலை கிடைத்த மகிழ்ச்சியில் இளைஞர்கள் படிக்காமல் கையொப்பமிட்ட ஒப்பந்தத்தில் மட்டும் இருக்கிறது.

விமானிகள் இதற்கு விதிவிலக்கு. விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தின் 2017-ஆம் ஆண்டு விதிப்படி தலைமை விமானி ஓராண்டும், துணை விமானி ஆறு மாதமும் முன்னறிவிப்புத் தர வேண்டும். 2023-இல் ஆகாசா ஏர் நிறுவனத்தின் 43 விமானிகள் அந்தக் காலத்தை முடிக்காமல் விலக, விமானங்கள் ரத்தாகி, வழக்கு மும்பை, தில்லி உயர்நீதிமன்றங்கள் வரை சென்றது. பயணச்சீட்டு வாங்கியவர்கள் நடுவழியில் நிற்கக் கூடாது என்ற பொதுநலன் அங்கே உண்டு. தரவுப் பகுப்பாய்வாளர் விலகுவதால் யாரும் விமான நிலையத்தில் காத்துக்கிடக்கப் போவதில்லை.

சரி, ஒப்பந்தத்தை மீறினால் நிறுவனம் என்ன செய்ய முடியும்? நீதிமன்றத்துக்குச் சென்று, 'இவரை மீண்டும் வந்து வேலை செய்யச் சொல்லுங்கள்' என்று கேட்க முடியாது. தனிமனிதரின் திறனையும் விருப்பத்தையும் சார்ந்த ஒப்பந்தத்தை அப்படியே நிறைவேற்றும்படி ஆணையிடுவதில்லை என்பது 1963-ஆம் ஆண்டின் குறித்தவகைத் தீர்வுச் சட்டத்தின் 14-ஆவது பிரிவில் உள்ள நெறி. கட்டாய உழைப்பைத் தடைசெய்யும் அரசியல் சாசனத்தின் 23-ஆவது கூறு அதற்கு மேல் நிற்கிறது. நிறுவனம் கேட்கக் கூடியது இழப்பீடு மட்டுமே. அதிலும், ஒப்பந்தத்தில் எழுதிய தொகையை அப்படியே வாங்கிவிட முடியாது. அந்தத் தொகை உச்சவரம்பு. அதற்குள் நியாயமான ஈடு எதுவோ அதுதான் கிடைக்கும் என்கிறது 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 74-ஆவது பிரிவு.

நியாயமான ஈடு எது என்பதில் நீதிமன்றங்கள் எப்போதும் ஊழியர் பக்கமே நின்றுவிடுவதில்லை. மூன்றாண்டுகளுக்குள் விலகினால் இரண்டு லட்சம் ரூபாய் செலுத்த வேண்டும் என்ற விஜயா வங்கியின் நிபந்தனை செல்லும் என்று 2025 மே மாதம் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. பணியில் இருக்கும் காலத்தை ஒட்டிய நிபந்தனை, தொழில் செய்யும் உரிமையைத் தடுப்பதாகாது. பொதுத்துறை வங்கி ஓர் அதிகாரியைத் தேர்ந்தெடுக்க விளம்பரம், தேர்வு, நேர்காணல் என்று பெரும் செலவும் காலமும் ஆகின்றன என்பது நீதிமன்றத்தின் வாதம். பொருளியலாளனாக அதை என்னால் ஏற்க முடிகிறது. கேரி பெக்கர் 1964-இல் வெளியிட்ட 'மனித மூலதனம்' என்ற நூலில், எந்த நிறுவனத்திலும் பயன்படக் கூடிய பயிற்சி, ஒரே நிறுவனத்தில் மட்டும் பயன்படும் பயிற்சி என்று இரண்டாகப் பிரித்துப் பார்த்தார். முதல் வகைக்கு முதலாளி பணம் செலவிட்டால் அடுத்தவர் அந்த ஊழியரை அழைத்துச் சென்றுவிடுவார். அந்த அச்சம் உண்மையானது. இருபது பேர் வேலை செய்யும் கோவைப் பட்டறை ஒன்றில் பழுதறியத் தெரிந்த ஒரே மேற்பார்வையாளர் திங்கள்கிழமை வராமல் போனால், அந்த முதலாளி படும் பாட்டையும் நான் பார்த்திருக்கிறேன். முன்னறிவிப்பே கூடாது என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

இவ்வளவையும் என் மாணவியிடம் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அதெல்லாம் சரி சார், ஆனால் அந்த லெட்டர் இல்லாமல் புதிய கம்பெனியில் சேர்க்க மாட்டார்களே" என்றார். சட்டம் பேசிக்கொண்டிருந்த நான் வாயடைத்துப் போனேன். சிக்கல் முழுவதும் அந்த ஒரு வாக்கியத்தில் இருந்தது. நிறுவனங்கள் வழக்குத் தொடுப்பது அரிது. தொடுக்க வேண்டிய தேவையே இல்லை. ஒரு தாளை மேசை இழுப்பறையில் வைத்துக்கொண்டால் போதும்.

எனக்கு இது புதிதன்று. 1980-களின் நடுவில் ஒரு தனியார் கல்லூரியில் என் முதல் வேலையில் சேர்ந்தபோது, 'பத்திரமாக இருக்கட்டும்' என்று என் அசல் பட்டச் சான்றுகளைச் செயலாளர் வாங்கித் தம் இரும்பு அலமாரியில் வைத்துக்கொண்டார். வேறு கல்லூரியில் பணி நியமனம் வந்ததும், மூன்று மாதச் சம்பளத்தைக் கட்டிவிட்டுச் சான்றுகளை எடுத்துப் போகச் சொன்னார். அம்மாவின் சங்கிலி அடகுக் கடைக்குப் போனது. கட்டிய பணத்துக்கு ரசீது கேட்டேன், சிரித்தார்.

பிற்பாடு இலங்கைத் தேயிலைத் தோட்டங்களின் தொழிலாளர் வரலாற்றைப் படித்தபோது, அந்த இரும்பு அலமாரி எனக்கு நினைவுக்கு வந்தது. தமிழ்நாட்டு மாவட்டங்களிலிருந்து கங்காணிகள் அழைத்துச் சென்ற தொழிலாளர்கள், பயணச் செலவும் முன்பணமுமாகக் கடனோடுதான் தோட்டத்துக்குள் நுழைந்தார்கள். வேறு தோட்டத்துக்குப் போக வேண்டுமானால் துரையிடம் ஒரு சீட்டு வாங்க வேண்டும். இன்ன தொகையைக் கட்டினால் இந்த ஆள்களை விடுவிக்கத் தயார் என்று அதில் எழுதியிருக்கும். புதிய தோட்டத்தார் அந்தத் தொகையைக் கொடுத்து ஆள்களை எடுத்துக்கொள்வார்கள். கடன் புதிய இடத்தில் அவர்கள் கணக்கில் ஏறும். அந்தச் சீட்டுக்குப் பெயர் துண்டு. ஆங்கிலேய அதிகாரிகள் அதற்கு வேறு சொல் தேடாமல், 'துண்டு முறை' என்றே ஆவணங்களில் எழுதினார்கள். 1921-ஆம் ஆண்டு இலங்கையில் அது சட்டப்படி ஒழிக்கப்பட்டது. இந்தியாவிலோ, முன்பணம் வாங்கிவிட்டு வேலையை விட்டவரை மூன்று மாதம் வரை சிறைக்கு அனுப்ப வழிசெய்த 1859-ஆம் ஆண்டின் 13-ஆவது சட்டம், 1926-இல்தான் முடிவுக்கு வந்தது.

குளிரூட்டிய அலுவலகத்தில் அமர்ந்திருப்பவரைத் தோட்டத் தொழிலாளியோடு ஒப்பிடுவது மிகை என்று சிலர் கருதலாம். அவர்களின் பசியும் இவர்களின் மாதத் தவணையும் ஒன்றல்ல என்பதை நானும் அறிவேன். ஆனால், பொறியமைப்பைப் பாருங்கள். பழைய முதலாளி தரும் சீட்டு இல்லாமல் புதிய முதலாளி எடுப்பதில்லை. மீதி நாள்களுக்கான தொகையைப் புதிய நிறுவனமே கட்டி ஆளை எடுத்துக்கொள்வதை இன்று 'பைஅவுட்' என்கிறார்கள். ஓராண்டுக்குள் விலகினால் அந்தத் தொகையை ஊழியர் திருப்பித் தர வேண்டும் என்று புதிய ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்வதும் உண்டு. துண்டு முறையை வேறெப்படி விளக்குவது?

அப்படியானால், ஒரு மாதம் எப்படி மூன்று மாதமானது? கொள்ளைநோய்க்குப் பின் மென்பொருள் துறையில் ஆள்கள் கூட்டங்கூட்டமாக இடம் மாறினார்கள். 2022 ஜூன் காலாண்டில் இன்ஃபோசிஸ் நிறுவனத்தின் பணி விலகல் விகிதம் 28.4 சதவீதம். அணை உடைவதைப் போலத் தெரிந்தால் கரையை உயர்த்துவது இயல்பு. ஆனால், ஒவ்வொரு நிறுவனமும் தன் ஆள்களை 90 நாள் பிடித்து வைத்துக்கொண்டு, தனக்கு மட்டும் 'உடனே சேரக் கூடியவர் தேவை' என்று விளம்பரம் செய்தது. எல்லோரும் ஒரே கிணற்றில் இறைப்பதைப் போன்ற கதை. மூன்று மாதம் காத்திருக்கும் ஊழியர் சும்மா இருப்பாரா? கையில் ஒரு பணி நியமனக் கடிதத்தை வைத்துக்கொண்டு இரண்டாவதைத் தேடுவார். இரண்டாவதைக் காட்டி மூன்றாவதைப் பேரம் பேசுவார். கடைசியில், அவருக்காக 90 நாள் காத்திருந்த நிறுவனத்தின் வாசலுக்கு அவர் வருவதே இல்லை. நீண்ட முன்னறிவிப்பு ஆள்களைத் தக்கவைப்பதைவிட இந்தப் பேரத்தைத்தான் வளர்த்திருக்கிறது என்பது என் கணிப்பு.

இதற்கிடையே ஒரு வேடிக்கையும் நடந்தது. ஊழியர் கட்டும் இந்தத் தொகைக்குச் சரக்கு மற்றும் சேவை வரி உண்டா என்று ஒரு சர்ச்சை. பாதியில் போவதைப் 'பொறுத்துக்கொள்வது' நிறுவனம் அளிக்கும் ஒரு சேவை என்பது வரித் துறையினர் சிலரின் வாதம்! அது சேவையன்று, ஒழுங்கை நிலைநிறுத்தும் தண்டத் தொகை மட்டுமே என்று 2022 ஆகஸ்ட் மாதச் சுற்றறிக்கையில் மத்திய மறைமுக வரிகள் வாரியம் தெளிவுபடுத்தியது.

ஒப்பந்தத்தில் கையொப்பமிடப் போகும் இளைஞர்களை நான் ஒரு வரியைத் தேடிப் படிக்கச் சொல்வேன். நிறுவனம் நீக்கும்போது, 'அறிவிப்பு அல்லது அதற்கீடான ஊதியம்' என்று இருக்கும். அதாவது அன்று மாலையே அனுப்பிவிடலாம். ஊழியர் விலகும்போது, 'நிர்வாகத்தின் விருப்பத்துக்கு உட்பட்டு' என்ற சொற்கள் சேர்ந்திருக்கும். பணம் கட்டி விலகும் உரிமை ஒருவருக்கு மட்டும் இருப்பதை ஒப்பந்தச் சமத்துவம் என்று சொல்ல முடியாது. மாதிரி நிலையாணைகள் எட்டு பத்தாண்டுகளுக்கு முன்பே இரு தரப்புக்கும் பொதுவாக வைத்ததை, மேலாளர், பொறியாளர் என்ற பட்டங்களைச் சூட்டிப் பறித்துக்கொண்டுவிட்டோம்.

2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த ஊதியச் சட்டத் தொகுப்பில் ஒரு நல்ல மாற்றம் உண்டு: பணி விலகியவருக்கும் சேர வேண்டிய ஊதியத்தை இரண்டு வேலை நாள்களுக்குள் தீர்க்க வேண்டும். 'முழுக் கணக்கு முடிக்க 45 நாள் ஆகும்' என்ற பழைய பதில் இனி செல்லாது. பணிக்கொடையைப் பொறுத்தவரை, சொத்துக்குச் சேதம், வன்முறை, ஒழுக்கக்கேடான குற்றம் போன்றவற்றுக்காகத்தான் அதைப் பிடித்தம் செய்ய முடியும். முன்னறிவிப்புக் காலத்தை முடிக்காதது அந்தப் பட்டியலில் இல்லை. வருங்கால வைப்பு நிதி ஊழியருடையது. அதில் நிறுவனம் கை வைக்க முடியாது. ஆனால், பணிச் சான்றை இத்தனை நாள்களுக்குள் எல்லா ஊழியருக்கும் கொடுத்தே ஆக வேண்டும், இழப்பீட்டுக் கோரிக்கை இருந்தால் அதைத் தனியே நீதிமன்றத்தில் பார்த்துக்கொள் என்று சொல்லும் ஒரு வரியைத் தொகுப்புகளை எழுதியவர்கள் சேர்த்திருக்கலாம். இன்னாரிடம் இன்ன தேதி முதல் இன்ன தேதி வரை வேலை செய்தேன் என்பது நடந்து முடிந்த உண்மை. அதைப் பிணைப்பொருளாக்க எவருக்கும் உரிமை இருக்கக் கூடாது.

என் மாணவி கடைசியில் 60 நாள் வேலை செய்தார். மீதி 30 நாள்களுக்கான ஊதியத்தைப் பிடித்துக்கொண்டார்கள். புதிய நிறுவனம் சேரும் தேதியை இரண்டு வாரம் தள்ளிவைத்தது. பணிவிடுவிப்புக் கடிதம் அவர் புதிய இடத்தில் சேர்ந்து ஐந்து வாரம் கழித்து, நான்கு நினைவூட்டல்களுக்குப் பிறகு வந்தது. அதுவரை தற்காலிகப் பணியாளர் என்ற நிலையிலேயே இருந்தாராம். இப்போது அவருக்குக் கீழே எட்டுப் பேர் வேலை செய்கிறார்கள். அண்மையில் அவர்களில் ஒருவர் விலகல் கடிதம் கொடுத்ததாகப் பேச்சுவாக்கில் சொன்னார். "உங்கள் நிறுவனத்தில் எத்தனை நாள்?" என்று கேட்டேன். சற்றுத் தயங்கிவிட்டு, "இங்கேயும் 90 நாள்தான், சார்" என்றார்.