ஃபிளானரி ஓ'கானரின் சிறுகதைகளில் இறையருள்

இருபதாம் நூற்றாண்டு அமெரிக்கச் சிறுகதை ஆசிரியர்களுள் இறையியல் பயில்வோர் அறிந்திருக்க வேண்டிய ஒருவர் ஃபிளானரி ஓ'கானர். 1925இல் ஜார்ஜியா மாநிலத்துச் சவானா நகரில் கத்தோலிக்கக் குடும்பமொன்றில் பிறந்தார். தந்தையின் உயிரைக் கவர்ந்த லூப்பஸ் என்னும் நோய் இருபத்தைந்தாம் வயதில் அவரையும் பற்றியது. மில்லெட்ஜ்வில் நகருக்கு அருகிலிருந்த பண்ணையில், அன்னையுடன் வாழ்ந்து, மயில்களை வளர்த்து, நாள்தோறும் எழுதி, 1964இல் தம் 39ஆம் வயதில் மறைந்தார். அவருடைய முதற் சிறுகதைத் தொகுதி 1955இலும், இரண்டாவது அவர் மறைந்தபின் 1965இலும் வெளிவந்தன.

கத்தோலிக்கரான இவருடைய கதைமாந்தருட் பெரும்பாலோர் தென்மாநிலப் புராட்டஸ்டாண்டு மக்களே. திருமறையை அறிந்தவர்கள், ஆலயம் செல்பவர்கள், தங்களை நல்லவர்கள் என்று நம்புகிறவர்கள். இறையருள் இத்தகைய நல்லவர்களை எங்ஙனம் சந்திக்கிறது என்பதே இவர் மீண்டும் மீண்டும் எழுப்பும் வினா.

‘வெளிப்பாடு’ என்னும் கதையை எடுத்துக்கொள்வோம். மருத்துவரின் காத்திருப்பு அறையில் அமர்ந்திருக்கும் திருமதி டர்ப்பின், அங்குள்ளோரைத் தம் மனத்தில் தரம் பிரிக்கிறார். தாம் கறுப்பராகவோ ஏழை வெள்ளையராகவோ பிறவாததற்காக இயேசுவுக்கு நன்றி கூறுகிறார். அந்நேரமே ஒரு மாணவி எறிந்த புத்தகம் அவர் முகத்தைத் தாக்குகிறது. நரகத்துப் பன்றி என்னும் வசைமொழியும் தொடர்கிறது. அன்று மாலை தம் பன்றித் தொழுவத்தருகே நின்று அவர் கடவுளோடு வழக்காடுகிறார். அப்போது விண்ணை நோக்கிச் செல்லும் ஒரு கூட்டத்தைக் காண்கிறார். அவர் இகழ்ந்தவர்கள் முன்னே ஆர்ப்பரித்துச் செல்ல, அவரைப் போன்ற ஒழுக்கசீலர்கள் கடைசியில் நடக்கிறார்கள். அவர்களுடைய நற்பண்புகளும் எரிந்து போகின்றன. லூக்கா 18ஆம் அதிகாரத்துப் பரிசேயனை ஈண்டு நாம் நினைவுகூராதிருக்க இயலாது.

‘நல்ல மனிதனைக் காண்பது அரிது’ என்னும் கதையோ நம்மை நடுங்கச் செய்கிறது. சிறையிலிருந்து தப்பிய கொலைகாரன் முன் நிற்கும் மூதாட்டி, இறுதிக் கணத்தில் அவனைத் தம் பிள்ளைகளுள் ஒருவனாகக் கண்டு, அவன் தோளைத் தொடுகிறார். அவன் அவரைச் சுட்டுக் கொல்கிறான். அருளை விளக்கத் துப்பாக்கி தேவையோ என்று மாணவர் வினவுவர். வினா நியாயமானதே. கொடுமையே அருள் என்று ஆசிரியர் கூறவில்லை என்பது நம் கருத்து. போலி ஆதாரங்கள் அனைத்தும் விழுந்த இடத்தில்தான் மூதாட்டியின் கண்கள் திறக்கின்றன. எனினும், துயருறும் சபையாரிடம் ‘உம் துன்பமே அருள்’ என்று கூற இக்கதை நமக்கு உரிமை அளிப்பதில்லை.

இவருடைய நடை எளியது, நகைச்சுவை மிக்கது. நாட்டுப்புறத்தாரின் பேச்சைக் கூர்ந்து கேட்டு எழுதுகிறார். ‘நல்ல நாட்டுப்புற மக்கள்’ என்னும் கதையில், மெய்யியலில் முனைவர் பட்டம் பெற்ற நாத்திகப் பெண்ணின் மரக்காலை, வேதாகமம் விற்பவனாக வந்த ஒருவன் திருடிச் செல்கிறான். மரக்கால் முதலில் மரக்காலே. கதை வளர வளர அது அவளுடைய ஆணவத்தையும் சுமக்கிறது. ஆசிரியர் குறுக்கிட்டு விளக்கம் தருவதில்லை.

ஒன்றை மறைத்தல் ஆகாது. 1979இல் வெளிவந்த அவருடைய கடிதத் தொகுப்பும், பின்னர் வெளியான பிற கடிதங்களும் பரவலாகப் படிக்கப்பட்டுள்ளன. கறுப்பரைக் குறித்து அவர் தனிப்பட எழுதிய இழிமொழிகள் அக்கடிதங்களிற் காணப்படுகின்றன. 2020இல் அமெரிக்கப் பல்கலைக்கழகமொன்று தன் மாணவர் விடுதிக்கு இட்டிருந்த அவர் பெயரை நீக்கியது. திருமதி டர்ப்பினைத் தீட்டிய கரம் அக்குற்றத்திற்குப் புறம்பானதன்று. ஆகவே, அக்கதையின் தீர்ப்பு அதை எழுதியவர்மேலும் விழுகிறது.

நம்மேலும் விழுகிறது. இக்கதைகளை அருளுரைக்கு உவமைகளாக உடனே பயன்படுத்த விழையாது, முதலில் நாமே அவற்றின்முன் அமர்வோமாக. பிரசங்க பீடத்திலிருந்து பார்க்கையில் பரிசேயன் எப்போதும் எதிரே உள்ள இருக்கைகளிலேயே தென்படுகிறான். காத்திருப்பு அறையில் நமக்கும் ஓர் இருக்கை உண்டு என்பதை ஓ'கானர் நமக்கு உணர்த்துகிறார்.