தேக்கைக் காக்கும் நச்சுயிரி

மலபார் ஆட்சியராயிருந்த கனோலி 1840-களில் நிலம்பூரில் நட்டுவித்த தேக்கந்தோட்டம், உலகின் மிகப் பழையதெனப் பெயர் பெற்றது. அவ்வட்டாரத் தேக்கு கோடைமழையில் தளிர்த்ததும் ஓர் அந்துப்பூச்சி பெருந்திரளாய் வந்திறங்கும். ஹைப்ளியா பியூரா என்பது அதன் அறிவியற்பெயர். இளந்தளிரில் மட்டுமே அது முட்டையிடும். பொரிந்த புழு இலையோரத்தை அறுத்து மடித்து, நூலிழையால் தைத்து, அம்மடிப்பினுள் குடியிருந்து தின்னும். இரு வாரத்திற்குள் பெருநரம்புகளே எஞ்சும்.

மரம் சாவதில்லை, மீண்டும் தளிர்க்கும். அதனால் நெடுங்காலம் இதை எவரும் பெரிதாக எண்ணவில்லை. பீச்சியிலுள்ள கேரள வன ஆராய்ச்சி நிறுவனத்தைச் சேர்ந்த கே. எஸ். எஸ். நாயர் குழுவினர், காத்த மரங்களையும் காவாத மரங்களையும் ஐந்தாண்டுகள் ஒப்பிட்டளந்தனர். புழுவுக்கு இரையான இளந்தேக்கு, அடைந்திருக்கக்கூடிய பருமன் வளர்ச்சியில் 44 விழுக்காட்டை இழந்திருந்தது. உயிரோடு நிற்கும் மரத்தின் இழப்பு கண்ணுக்குப் புலப்படாது, அளவுகோலுக்கே புலப்படும்.

மருந்து தேக்கந்தோட்டத்திலேயே இருந்தது. திரளாகப் பெருகிய புழுக்கள் சில வேளை திரளாகவே மடிவதுண்டு. அவற்றைத் தாக்கிய நச்சுயிரியை அந்நிறுவனத்தார் இனங்கண்டு 1988-இல் அறிவித்தனர். பாக்குலோ நச்சுயிரிக் குடும்பத்தைச் சேர்ந்த அது, நெல்மணியை உமி காப்பதுபோல் புரதப் படிகத்துள் பொதிந்து வெளியுலகைத் தாங்குகிறது. புழு இலையோடு படிகத்தையும் விழுங்குகிறது. நடுக்குடலின் கடுங்காரத்தில் படிகம் கரைய, விடுபட்ட நச்சுயிரி குடற்சுவர் உயிரணுக்களில் நுழைந்து, பின் உடலெங்கும் பரவிப் பெருகுகிறது. மூன்று நான்கு நாளில் புழு மடிகிறது; உள்ளுறுப்புகள் குழம்பாகித் தோல் கிழிய, கோடிக்கணக்கான படிகங்கள் இலைகளில் வழிகின்றன. அவற்றைத் தின்னும் அடுத்த புழுவுக்கும் அதே கதி.

இந்நச்சுயிரி மனிதரையோ பறவையையோ மீனையோ தேனீயையோ தாக்குவதில்லை. வானூர்தியிலிருந்து எண்டோசல்பான் பூச்சிக்கொல்லியைத் தெளித்த கொடுமையைக் காசர்கோட்டின் முந்திரித் தோட்டங்களில் கண்ட நாடு கேரளம். காட்டின்மீது வேதி நஞ்சைப் பொழிய அங்கு இனி எவரும் துணியலாகாது.

ஆயினும் நச்சுயிரியைத் தெளிப்பது எளிதன்று. கதிரவனின் புறவூதாக் கதிர் படிகங்களை விரைவில் செயலிழக்கச் செய்கிறது. முதிர்ந்த தேக்கின் உச்சிக்குத் தெளிப்பானின் துளி சேர்வதும் அரிது. எல்லாவற்றினும் கடியது காலக்கணக்கு. இளம்புழு எளிதில் நோயுறும். வளர்ந்த புழுவைக் கொல்ல மிகுதியான படிகம் வேண்டும். இலையின் பெரும்பகுதியைத் தின்று தீர்ப்பதோ அவ்வளர்ந்த புழுதான். எனவே தெளிக்கத் தக்க நாள்கள் மிகச் சிலவே.

இங்கே ஒரு நல்வாய்ப்பும் உண்டு. பருவத் தொடக்கத்தில் புழுக்கள் தோட்டமெங்கும் தோன்றுவதில்லை. சிற்சில திட்டுகளில் திரள்கின்றன. அவற்றில் வளர்ந்தெழும் பூச்சிகளே பிற்பாடு பரந்த காட்டை மொய்க்கின்றன என்பது நாயர் குழுவினரின் கருத்து. அத்திட்டுகளைத் தேடிப்பிடித்துத் தெளித்தால் சிறிதளவு நச்சுயிரியே போதும்.

அச்சிறிதளவை ஆக்குவார் யார்? இந்நச்சுயிரி உயிருள்ள புழுவில்தான் பெருகும். ஆகவே புழுக்களை வளர்த்து, நோயேற்றி, வடித்தெடுக்க வேண்டும். ஒரேயொரு பூச்சியைக் கொல்லும் மருந்து, சில நாள்களுக்கு மட்டுமே தேவைப்படும் சரக்கு. வணிகர் அதை விரும்புவதில்லை. அமெரிக்கக் காடுகளை மொட்டையடிக்கும் ஜிப்சி அந்துப்பூச்சிக்கு எதிரான ‘ஜிப்செக்’ என்னும் நச்சுயிரி மருந்து 1978-இல் பதிவாயிற்று. அதை ஆக்கும் பொறுப்பை அந்நாட்டு வனத்துறையே ஏற்றது. பிற பூச்சிகளை அது கொல்லாததால், அரிய வண்ணத்துப்பூச்சிகள் வாழும் இடங்களுக்கென அதை அவர்கள் ஒதுக்கி வைத்தனர்.

தேக்குக்கும் அரசே பொறுப்பேற்பதுதான் முறை. தளிர்க்கும் பருவத்தில் முதல் திட்டுகளைத் தேடி நடக்கும் ஆட்களை வனத்துறை நிறுத்தாதவரை, குளிர்பெட்டியில் எவ்வளவு நச்சுயிரி இருந்தும் பயனில்லை.